ஓடித் தேய்ந்த படங்கள்

1937இல் வந்த ‘சிந்தாமணி’ ஓராண்டு ஓடிய முதல் தமிழ்ப் படம். எம்.கே. தியாகராஜ பாகவதர் என்ற பெயரை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மதுரை ராயல் டாக்கி டிஸ்ட்ரிபியூட்டர்ஸ் கல்கத்தாவில் எடுத்த அந்தப் படத்தின் லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே எழுந்தது, படத்தின் பெயரிலேயே. தியேட்டர் பிற்காலத்தில் கைமாறி ஜவுளிக்கடை ஆனது. படமோ எங்குமே இல்லை. ஒரு பிரதிகூட எஞ்சியதாகத் தகவல் கிடையாது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னால், 1933இல், திருவனந்தபுரத்தில் ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற மௌனப் படம் திரைக்கு வந்தது. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலைப் படமாக்கியிருந்தார்கள். நாவலின் உரிமையை வைத்திருந்த கமலாலயா புக் டிப்போ வழக்குப் போட, படம் முடங்கியது. பிரதி பதிப்பகத்தின் வசம் போய் நாற்பது ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. 1974இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. நூற்றுக்கு மேல் எடுக்கப்பட்ட தென்னிந்திய மௌனப் படங்களில் இன்று ஏறக்குறைய முழுமையாக இருப்பது அந்த ஒன்றுதான்.

ஜனங்கள் விழுந்து விழுந்து பார்த்த படம் இல்லாமல் போயிற்று. யாரும் பார்க்க முடியாமல் கோர்ட்டு கட்டிப்போட்ட படம் நின்றுவிட்டது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மனதில் ஏதோ நெருடுகிறது. எளிதில் போகவும் மாட்டேன் என்கிறது. படம் பார்ப்பது என்பதே படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதுதானோ? அப்படியானால், ஒரு தலைமுறை முழுக்கச் சினிமாவை மூச்சாக விட்ட திண்டுக்கல் மாதிரி ஊர்களுக்கு எந்தக் காப்பகத்தில் என்ன இடம்?

வெளியூர்க்காரர்களுக்குத் திண்டுக்கல் என்றால் மலைக்கோட்டை, பூட்டு, தோல் ஷாப்பு, பிரியாணி. படத் தொழிலில் இருந்தவர்களுக்கு அது எம்.ஆர். ஏரியாவில் ஒரு ஊர். மதுரை ராமநாதபுரம் என்பதன் சுருக்கம் அது. சென்னையில் தயாராகிற படத்தைத் தமிழ்நாட்டு விநியோகஸ்தர்கள் செங்கல்பட்டு, கோவை, சேலம், திருச்சி தஞ்சை, நெல்லை குமரி என்று கூறு போட்டு வாங்கினார்கள்; அந்தக் கூறுகள் ஆட்சியாளர்கள் மாவட்டங்களைப் பிரித்தபோதும் மாறவில்லை. 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆயிற்று. படப்பெட்டி மட்டும் மதுரையிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அன்று ஒரு படத்துக்குப் போட்ட பிரதிகள் குறைவு. முதலில் பெரிய ஊர்கள், பிறகு திண்டுக்கல் போன்ற நகரங்கள், அதற்கும் பிறகு வேடசந்தூர், வடமதுரை, நத்தம், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு என்று சமவெளி ஊர்கள், எல்லோரும் பார்த்து முடித்த பின் கீற்றும் தகரமும் வேய்ந்த டூரிங் டாக்கீஸ்கள். ஒரே பிரதி இந்த வரிசையில் இறங்கி வரும். பெட்டி என்பது சும்மா ஒரு பேச்சு இல்லை. வட்டத் தகர டப்பாக்களை அடுக்கிய கனத்த இரும்புப் பெட்டி, பஸ் கூரையில் ஏறி வரும். ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டு கொட்டகையில் ஓட்டுவதும் உண்டு. இங்கே முதல் ரீல் முடிந்ததும் சைக்கிளில் ஒரு பையன் அதை அங்கே கொண்டு ஓடுவான். அவன் சைக்கிள் பஞ்சரானால் அந்த ஊர் கதாநாயகிக்குக் கல்யாணம் தள்ளிப்போகும்.

ஒவ்வொரு ஓட்டமும் பிரதியில் எதையாவது எழுதிவிட்டுத்தான் போகும். 35 எம்.எம். படச்சுருளில் ஓர் அடிக்கு 16 கட்டங்கள். நொடிக்கு 24 கட்டங்கள் ஓட, ஆயிரம் அடி ரீல் 11 நிமிடத்தில் தீர்ந்துபோகும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரு பக்கமும் நான்கு நான்கு துளைகள். புரொஜெக்டரின் பற்சக்கரம் அந்தத் துளைகளில் கொக்கி போட்டு இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, மறுபடி இழுக்கும். பூச்சுப் பக்கம் தூசி ஒட்டியிருந்தால் நீளவாக்கில் ஒரு கீறல். அதுதான் திரையில் மழையாகப் பெய்யும். கடைக்கோடிக் கொட்டகைக்குப் படம் வந்து சேரும்போது வெயிலில் நடக்கிற டூயட்டிலும் மழைதான். துளை கிழிந்தால் ஆபரேட்டர் அந்தக் கட்டங்களை வெட்டி எறிந்து, இரு முனைகளையும் பிளேடால் சுரண்டி, சிமென்ட் என்று அவர்கள் சொல்கிற பசையைத் தடவி, நெற்றி வியர்வை சொட்டாமல் அமுக்கிப் பிடிப்பார். ஒற்றை புரொஜெக்டர் கொட்டகையில் ரீலுக்கு ரீல் விளக்கு எரியும். முறுக்குத் தட்டும் சோடா பாட்டிலும் அந்த இடைவெளியில்தான் நடமாடும். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தவன் பின்னாலிருப்பவனிடம் வசவு வாங்குவான். உள்ளே ஆபரேட்டர் அறையில் இரண்டு கார்பன் குச்சிகள் நுனியோடு நுனி எரிந்துகொண்டிருக்கும். எரிய எரியத் தேயும், தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். அவர் கொஞ்சம் அசந்தால் சிவாஜி முகம் மஞ்சளடித்து, பிறகு இருண்டு, கூட்டத்திலிருந்து விசில் பறக்கும். ஆக, வேடசந்தூர்க்காரர் பார்த்த ‘பாசமலர்’ மதுரைக்காரர் பார்த்த ‘பாசமலர்’ இல்லை. சில கட்டங்கள் குறைந்த, சில தழும்புகள் கூடிய, ஏழெட்டு இடத்தில் விளக்கு போட்டு நிறுத்திய வேறொரு படம் அது. அந்தப் படத்தை யார் காப்பது?

வெட்டி எறிந்த துண்டுகள் குப்பைக்குப் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கொட்டகைக்குப் பின்னால் காத்திருக்கும் பையன்கள் கைக்குப் போயின. பள்ளிக்கூட வாசலில் பெட்டிக்கடைக்காரர் ஃபிலிம் துண்டுகளைக் காசுக்கு விற்றார், எம்.ஜி.ஆர். முகம் உள்ள துண்டுக்கு மவுசு அதிகம், வெறும் காடோ மலையோ விழுந்திருந்தால் ஒன்றுக்கு இரண்டு. ஃபியூஸ் போன குண்டு பல்பின் அடியைப் பக்குவமாக உடைத்து, உள்ளிருப்பதை எடுத்துவிட்டு, தண்ணீர் நிரப்பினால் அது லென்ஸ். வாசலில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பிடித்து ஜன்னல் வழியாக உள்ளே அனுப்புவான். கதவைச் சாத்திய அறையில் அப்பாவின் வேட்டிதான் திரை. அட்டைப் பெட்டியில் வெட்டிய சதுரத் துளையில் துண்டைச் செருகினால், தலைகீழாகச் செருகினால்தான், எம்.ஜி.ஆர். நேராக நிற்பார். நகரமாட்டார். கதை சொல்கிறவன் குரலில்தான் அவர் வாள் வீசவேண்டும், பாடவேண்டும். ஒரு பையனின் ஜாமெட்ரி பெட்டியில் மூன்று கட்டம் இருந்தால் அவனிடம் இருந்தது ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு. திண்டுக்கல்லிலும் சுற்றுப்பட்டி ஊர்களிலும் அப்படி எத்தனை வீட்டில் எத்தனை நொடிகள் சிதறிக் கிடந்தன என்பதை எந்தப் பதிவேட்டிலும் பார்க்க முடியாது.

மீதிப் பிரதிக்கு வேறு கதி. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் வெள்ளி இருக்கிறது. உரிமைக் காலம் முடிந்து ஓடாமல் கிடந்த பிரதிகளைக் கழுவி வெள்ளியைப் பிரித்தெடுத்தார்கள். மிஞ்சிய பிளாஸ்டிக் வளையலாகவும் கைப்பையின் அலங்காரமாகவும் ஆயிற்று. இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’வுக்கே இந்தக் கதிதான் நேர்ந்தது. புனே காப்பகத்துக்காக பி.கே. நாயர் தேடிப் போனபோது, ரீல்கள் இருக்கவேண்டும் என்று அதை எடுத்த அர்தேஷிர் இரானி சொன்னார். அவற்றை வெள்ளிக்காக எப்போதோ விற்றாயிற்று என்பது பிறகுதான் தெரிந்தது.

நாயர் என்ற பெயரைச் சொல்லாமல் இந்தியாவில் படக் காப்பு பற்றி ஒரு வரியும் எழுத முடியாது. திருவனந்தபுரத்தில் 1933இல் பிறந்தவர். ‘மார்த்தாண்ட வர்மா’ வெளியான அதே ஊர், அதே ஆண்டு. புனே காப்பகம் 1964 பிப்ரவரியில் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதில் சேர்ந்து 1991இல் ஓய்வு பெறும்வரை அவர் சேர்த்தவை ஏறக்குறைய 12,000 படங்கள், அவற்றில் 8,000 இந்தியப் படங்கள். நாசிக்கில் ஃபால்கே குடும்பத்தாரிடமிருந்து ‘ராஜா ஹரிச்சந்திரா’வையும் ‘காளிய மர்தன’த்தையும் மீட்டவர் அவர்தான். நல்ல படம், மட்டமான படம் என்று தரம் பிரித்து எடுத்து வைப்பது காப்பாளன் வேலையில்லை என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஸ்டண்டுப் படம், புராணப் படம், குப்பை என்று விமர்சகர்கள் தள்ளிய படம், எதையும் அவர் வாசலில் நிறுத்தி வைக்கவில்லை. இருட்டில் படம் பார்த்தபடியே டார்ச் வெளிச்சத்தில் குறிப்பெழுதுவார். சிவேந்திர சிங் துங்கர்பூர் 2012இல் எடுத்த ‘செல்லுலாய்ட் மேன்’ என்ற ஆவணப்படம் முழுக்க அந்த மனிதர்தான்.

தமிழ்நாட்டிலிருந்து புனே லா காலேஜ் ரோட்டிலுள்ள காப்பகத்துக்குப் போகிறவரின் கண்ணில் முதலில் படுவது மரங்களும், ஜெயகர் பங்களாவின் பழைய கல் கட்டடமும். சினிமாவின் சத்தம் எதுவும் அங்கே இல்லை. திரையரங்கு ஒன்று உண்டு. விசில் கிடையாது, முறுக்கு கிடையாது. கிட்டங்கிகளில் குளிரூட்டி ஓயாமல் ஓடுகிறது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஒரு குளிர், வண்ணப் படத்துக்கு இன்னும் கடுங்குளிர். வண்ணம் வெளிறாமல் இருக்க உறைநிலைக்குச் சற்று மேலே வைக்கவேண்டும். அசிடேட் சுருள் கெட ஆரம்பித்தால் டப்பாவைத் திறந்ததும் காடி நெடி மூக்கில் ஏறும். சுருங்கி, நெளிந்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போய் கடைசியில் கல்லாகிவிடும். சூடும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். ஒரு டப்பாவிலிருந்து கிளம்பும் ஆவி பக்கத்து டப்பாவுக்கும் தொற்றும். கோடையில் தகிக்கிற திண்டுக்கல் சமவெளியில், தகரக் கூரைக்குக் கீழே பெட்டியில் கிடந்த பிரதிகள் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை இந்தக் குளிரில் நிற்கும்போதுதான் உடம்பு உணர்கிறது. குளிரும் முழுக் காவல் இல்லை. அசிடேட்டுக்கும் முந்தைய நைட்ரேட் சுருள் தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. 2003 ஜனவரி 8 அன்று புனேயில் நைட்ரேட் படங்கள் இருந்த கிட்டங்கி எரிந்தபோது நூற்றுக்கணக்கான படங்களின் சுருள்கள் சில மணி நேரத்தில் சாம்பலாயின. காப்பகத்துக்கு வந்து சேர்ந்த பிறகு போனவை அவை.

ஓடியது அழியும், ஓடாதது நிற்கும் என்று தொடக்கத்தில் தோன்றியது எவ்வளவு தூரம் சரி? ‘ஹரிதாஸ்’ உடனே எழுந்து வந்து மறுக்கிறது. 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். அதற்குமேல் ஓடிய தமிழ்ப் படம் அன்று இல்லை. யுத்த காலக் கச்சா ஃபிலிம் தட்டுப்பாட்டில் 11,000 அடிக்குமேல் எந்தப் படமும் போகக்கூடாது என்று சர்க்கார் போட்ட விதிக்குள் எடுத்தது. அவ்வளவு ஓடியும் அதன் பிரதி புனேயில் பத்திரமாக இருக்கிறது. மறுபக்கத்திலும் விதி உடைகிறது. ஜெயகாந்தன் 1965இல் எடுத்த ‘உன்னைப்போல் ஒருவன்’ கொட்டகைகளில் ஓடவில்லை. ஓட விடப்படவில்லை என்றும் சொல்லலாம். தேசிய விருது பெற்றது. ‘மார்த்தாண்ட வர்மா’வைக் காத்த அதே முடக்கம் இதைக் காக்கவில்லை, இன்று பிரதி இல்லை. பாலு மகேந்திராவின் ‘வீடு’ வெளிவந்தது 1988இல், எல்லோரும் உயிரோடிருந்த காலத்தில். கலைப்படம் என்று கொண்டாடிய பத்திரிகைகள் இருந்தன, விருது இருந்தது, தொலைக்காட்சியில் காட்டினார்கள். அதன் நெகட்டிவே அழிந்துவிட்டது என்பதை அவர் கடைசிக் காலத்தில் மேடையில் சொல்லி வருந்தினார். ஓட்டத்தையும் தரத்தையும் வைத்து ஒரு கணக்கும் போட முடியவில்லை. சிந்தாமணி போனதற்கும் ஹரிதாஸ் நின்றதற்கும் நடுவில் உள்ள வித்தியாசம், யாரோ ஒருவர் ஒரு பெட்டியை எடைக்குப் போடாமல் வைத்திருந்தார் என்பது மட்டுமாகவே இருக்கக்கூடும். இந்த எண்ணம் ஆறுதல் தரவில்லை. முன்பிருந்த நெருடலைவிட இது கனமானது.

ஏன் வைத்திருக்கவில்லை என்ற கேள்விக்கு வியாபாரத்தை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. எழுதப்படித்த தமிழர்களுக்குச் சினிமா மேல் இருந்த இளக்காரம் இதில் பாதிப் பங்கு. தமிழ்ப் படிப்பாளிகள் தம் காலத்தின் மிகப்பெரிய கலையைத் திரும்பியே பார்க்கவில்லை என்று திரை வரலாற்றாளர் தியடோர் பாஸ்கரன் பல பதிற்றாண்டுகளாக எழுதிவருகிறார். விதிவிலக்காக ஒருவர் திண்டுக்கல் சீமையிலிருந்தே வந்தார். வத்தலக்குண்டு பி.எஸ். ராமையா, ‘மணிக்கொடி’ இதழின் தூண்களில் ஒருவர், 1943லேயே சினிமா பற்றித் தனிப் புத்தகம் எழுதினார். கதை, வசனம் என்று படத்துறையில் நேராக இறங்கி வேலை பார்த்தார். அவருடைய ‘போலீஸ்காரன் மகள்’ நாடகத்தை ஸ்ரீதர் 1962இல் படமாக்கினார். சாகித்ய அகாதெமி விருது வந்தது ‘மணிக்கொடி காலம்’ நூலுக்கு. இலக்கியவாதி ராமையாவைத் தெரிந்தவர்கள் பலர். சினிமா ராமையாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான். அதே வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ 1959 முதல் பதினோரு ஆண்டுகள் வந்தது. சில நூறு பேரே படித்த அந்த இதழின் பிரதிகள் இன்றும் கிடைக்கின்றன, ஏனெனில் படித்தவர்கள் பைண்டு செய்து வைத்துக்கொண்டார்கள். லட்சக்கணக்கானவர்கள் பார்த்த படத்தை யாரும் பைண்டு செய்ய முடியவில்லை. பார்த்தவர்களின் வசம் அது ஒருபோதும் இருந்ததில்லை.

அவர்கள் வசம் இருந்தது பாட்டுப் புத்தகம். கொட்டகை வாசலில் சில அணாக்களுக்கு விற்ற, சாணித்தாளில் அச்சான, பாடல்களோடு கதைச் சுருக்கமும் போட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடிகிற எட்டோ பதினாறோ பக்கம். படம் போன பிறகு பல படங்களுக்கு அதுதான் எஞ்சிய சாட்சி. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பழைய புத்தகங்களோடு சேர்த்து சினிமா நோட்டீசையும் பாட்டுப் புத்தகத்தையும் ஒதுக்காமல் வைத்ததால் அவை இன்று சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்தில் கிடைக்கின்றன. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் இன்னொருவர். ஸ்டில்லுக்கு ஸ்டில், பெயருக்குப் பெயர் என்று தமிழ்ப் படங்களின் விவரத்தைத் தன் வீட்டில் சேர்த்தார். அவர் சேகரிப்பை 2002இல் தமிழக அரசு வாங்கியது. நாயர் 2016 மார்ச் 4 அன்று இறந்தார். ஆனந்தன் அதே மார்ச் 21 அன்று. ஒரே மாதத்தில் இருவரும் போனார்கள். ஒருவர் அரசு வேலையில் இருந்துகொண்டு செய்ததை மற்றவர் சொந்தச் செலவில் செய்தார். தமிழ்நாட்டுக்கென்று புனே போன்ற ஒரு படக் காப்பகம் இன்னும் எழவில்லை என்பது, இவ்வளவு முதலமைச்சர்களைத் திரையிலிருந்து எடுத்துக்கொண்ட ஒரு மாநிலத்தைப் பொறுத்தவரை, பெரிய மனக்குறை.

கலைப்படத்துக்கென்று ஒரு தியேட்டர் திண்டுக்கல்லில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற யோசனையும் கூடவே வருகிறது. என்.வி.ஜி.பி., சோலைஹால் என்ற பெயர்கள் ஊர்க்காரர்களுக்கு வழி சொல்ல உதவும் அடையாளங்கள். அங்கெல்லாம் ‘ரஷோமோன்’ ஓட வாய்ப்பில்லை. சின்ன ஊருக்கு இதெல்லாம் எடுபடாது என்று சொல்வது சுலபம். கர்நாடகத்தில் சாகர் பக்கத்தில் ஹெக்கோடு என்ற பாக்குத் தோட்டக் கிராமம் அந்தப் பேச்சை 1970களிலேயே பொய்யாக்கியது. கே.வி. சுப்பண்ணாவின் நீநாசம் அமைப்பு கேட்டதும் நாயர் புனேயிலிருந்து படங்களை அனுப்பினார். ‘சைக்கிள் திருடர்கள்’, ‘பதேர் பாஞ்சாலி’, குரோசாவா எல்லாம் அந்தக் கிராமத்துக்குப் போயின. வயல் வேலை முடித்து வந்தவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள், விவாதித்தார்கள். காப்பகம் என்பது பூட்டிவைக்கும் இடம் என்ற எண்ணத்துக்கு நாயர் கொடுத்த பதிலாக அதைக் கொள்ளலாம். ஒவ்வொரு திரையிடலிலும் பிரதி தேயும் என்பது அவருக்குத் தெரியாததா? தெரிந்தேதான் அனுப்பினார். அந்தப் பெட்டிகளில் ஒன்று தெற்கே திரும்பி, சின்னாளபட்டி தறிக்காரர்களுக்கோ, சிறுமலை அடிவாரத்து வாழைக்காரர்களுக்கோ போய்ச் சேர்ந்திருந்தால் அவர்கள் அதில் என்ன கண்டிருப்பார்கள்? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திருட்டுப்போன சைக்கிளைத் தேடி அலையும் தகப்பனைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு ஒரு சப்டைட்டிலும் தேவைப்பட்டிருக்காது.

அவர்கள் பார்த்தது வேறு. அதுவும் சாதாரண விஷயமில்லை. 1973 மே 11 அன்று ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியானது. ஒன்பது நாள் கழித்து, மே 20, திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல். எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. இரட்டை இலைச் சின்னத்தில் முதன்முதலாக நின்ற மாயத்தேவர் ஜெயித்தார், ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போயிற்று. தமிழ்நாட்டு அரசியலின் அடுத்த அரை நூற்றாண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை இந்தச் சமவெளியில் தொடங்கியது என்பார்கள். சினிமா வேறு, அரசியல் வேறு என்று இங்கே யாரும் பிரித்துப் பேசுவதில்லை. ஆனால் வரலாறு எழுதுகிறவருக்கு ஒரு எளிய கேள்விக்குப் பதில் தேவை: அந்த ஒன்பது நாளில் இந்தத் தொகுதியில் எத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்தார்கள்? எந்த ஊரில், எந்தக் கொட்டகையில், எந்த வகுப்பு டிக்கெட்டில்? பிரதி மதுரையோடு நின்றுவிட்டதா, இங்கேயும் வந்ததா? படத்தை இன்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், ஒசாகா எக்ஸ்போ காட்சிகள் பளிச்சென்று தெரிகின்றன. அதில் இந்தக் கேள்விக்கு விடை இல்லை.

விடை இருந்த இடம் டி.சி.ஆர். ஒவ்வொரு கொட்டகையும் காட்சிக்குக் காட்சி எத்தனை டிக்கெட் விற்றது, எந்த வகுப்பில், வசூல் எவ்வளவு, கேளிக்கை வரி போக மீதி என்ன, விநியோகஸ்தர் பங்கு எவ்வளவு என்று தினமும் எழுதி ஒப்படைத்த வசூல் கணக்கு அது. வரி அதிகாரி முத்திரையிட்ட டிக்கெட்டின் வரிசை எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். ஆகவே பொய் சொல்வதற்கு ஓர் அளவு இருந்தது. நீண்ட பழுப்புத் தாள், ஊதா கார்பன், மேலாளரின் சுருக்கொப்பம், ஓரத்தில் மழை, திருவிழா, கரண்ட் கட் என்று ஒரு குறிப்பு. ஒரு ஊர் படம் பார்த்ததற்கு இதைவிட நெருக்கமான சாட்சி வேறில்லை. எந்தச் செவ்வாய்க்கிழமை மேட்னியில் பெண்கள் டிக்கெட் தீர்ந்தது, எந்தப் படம் மூன்றே நாளில் பெட்டியைக் கட்டியது, வெள்ளாமை வந்த மாதத்தில் பெஞ்சு டிக்கெட் எப்படி ஏறியது, வறண்ட ஆண்டில் எப்படித் தரைக்கு இறங்கியது, எல்லாம் அதில் உண்டு. காப்பகங்கள் படத்தைத் தேடிப் போன அளவு இந்தத் தாள்களைத் தேடிப் போகவில்லை. கணக்குத் தணிக்கை முடிந்ததும் தியேட்டர்கள் இவற்றை எடைக்குப் போட்டன. கொட்டகையை இடித்தபோது மிச்சமும் போயிற்று. பரண்களில் இன்னும் சில கட்டுகள் கிடக்கக்கூடும், கரையான் அரித்தது போக.

பெட்டி வருவதும் நின்று பத்தாண்டு தாண்டிவிட்டது. இன்று படம் ஹார்ட் டிஸ்க்கிலோ சாட்டிலைட் வழியாகவோ வருகிறது, திறக்கும் சாவி தனியாக வருகிறது, காலம் முடிந்ததும் சாவி செத்துவிடுகிறது. மழை பெய்யாது; மதுரையும் வேடசந்தூரும் ஒரே நாளில் ஒரே படத்தை ஒரே மாதிரி பார்க்கின்றன. இதைக் குறையாகச் சொல்ல முடியாது. கடைசி டிக்கெட்டில் உட்கார்ந்தவனுக்கும் முழுப் படம் கிடைப்பது அவனுக்கு நெடுநாளாக வரவேண்டியிருந்த நியாயம். இனிமேல் தேய்மானத்தில் ஊரைத் தேட முடியாது என்பது வேறு விஷயம். அதனாலேயே பழைய தாள்களின் மதிப்பு கூடியிருக்கிறது. மூடிக் கிடக்கும் கொட்டகைகளின் உரிமையாளர்களிடம், அவர்களுடைய பிள்ளைகளிடம், ஓய்வு பெற்ற மேலாளர்களிடமும் ஆபரேட்டர்களிடமும் இப்போதே போய்க் கேட்கவேண்டும். டி.சி.ஆர். கட்டுகள், சுவரொட்டிகள், டிக்கெட் அடிக்கட்டைகள், ஒட்டுப் போட்டுப் போட்டுத் தேய்ந்த விரல்களின் ஞாபகம், எதுவானாலும் சரி. திண்டுக்கல்லிலிருந்து மதுரை ரோட்டில் சிறிது தூரத்திலேயே காந்திகிராமம் இருக்கிறது. 1947லிருந்து இந்தக் கிராமங்களைப் படித்துவரும் நிறுவனம். அங்கே ஓர் அறையும், ஒரு ஸ்கேனரும், சனி ஞாயிறு பஸ் ஏறி வேடசந்தூருக்கும் நத்தத்துக்கும் நிலக்கோட்டைக்கும் போகத் தயாராக இரண்டு மூன்று மாணவர்களும் இருந்தால் வேலை தொடங்கிவிடும். புனேக்குச் செலவாகும் குளிரூட்டி மின்சாரத்தில் ஒரு மாதத்துக்கானதுகூட இதற்குத் தேவைப்படாது. தேவைப்படுவது அவசரம். 1973இல் இருபத்தைந்து வயதில் கார்பன் குச்சியைச் சரிசெய்துகொண்டிருந்த ஆபரேட்டருக்கு இன்று எழுபத்தைந்து வயது கடந்திருக்கும்.